முழங்கால் மடங்காதவர் பழைய டியர்டிராப் ட்ரெய்லர் வாங்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: வயது 54, தனியாகப் பயணம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போக வேண்டும். வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது, இடது இடுப்பில் மாற்று மூட்டு, வெளியே நடக்கக் கைத்தடி வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் கட்டில் ஒவ்வொரு உயரம், குளியலறை ஒவ்வொரு விதம் என்று அலுத்துப்போய், சொந்தப் படுக்கையைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போகலாமா என்று யோசிக்கிறார். டியர்டிராப் என்பது கண்ணீர்த்துளி வடிவில், உள்ளே படுக்கையும் பின்பக்கம் தூக்கித் திறக்கும் மூடிக்குள் சமையல் அலமாரியும் உள்ள குட்டி ட்ரெய்லர். அதில் இரண்டு செகண்ட் ஹேண்ட் வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, ஒருவர் வீட்டிலேயே செய்தது: 4 அடி அகலம், 8 அடி நீளம், வார்னிஷ் பளபளப்பு, வலப்பக்கம் ஒரே கதவு. இன்னொன்று பட்டறைத் தயாரிப்பு: 5 அடி அகலம், 10 அடி நீளம், இரண்டு பக்கமும் கதவு, ஆனால் மூன்று வருஷமாக ஓடாமல் நிற்கிறது, டயரில் வெடிப்பு, ஒரு விளக்கு எரியவில்லை. எதை வாங்கலாம், வாங்கலாமா வேண்டாமா என்பது கேள்வி.

வாங்கலாம். இரண்டாவதை வாங்குங்கள், அதன் மரம் உளுத்துப்போகாமல் இருந்தால். முதலாவதைப் பார்க்கவே போக வேண்டாம். போனால் அந்த வார்னிஷ் உங்களை மயக்கிவிடும்.

எனக்கு இடது முழங்கால் மடங்காது. எட்டு வருஷமாக டியர்டிராப்பில்தான் வேலைப் பயணம். நான் முதலில் வாங்கியது நீங்கள் சொல்லும் முதல் வகை வண்டி, அழகான வண்டி, பதினோரு மாதத்தில் விற்றுவிட்டேன். அதில் ஒரு திருகாணிகூடப் பழுதில்லை. கதவு தவறான பக்கம் இருந்தது, அகலம் போதவில்லை, அவ்வளவுதான். டயர் மாற்றலாம், பேரிங் மாற்றலாம், விளக்கு மாற்றலாம், மெத்தை மாற்றலாம். கதவை மறுபக்கம் மாற்ற முடியாது. பழைய வண்டி பார்க்கப் போகும்போது எல்லாரும் பழுதைத் தேடுவார்கள். நம் மாதிரி ஆட்கள் முதலில் தேட வேண்டியது, பழுதே பார்க்க முடியாத விஷயங்களை.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த வண்டியைப் பார்த்ததும் "உள்ளே தவழ்ந்து போக வேண்டுமே, உனக்கு எப்படி முடியும்?" என்று கேட்பார்கள். தவழவே வேண்டாம். நிற்கும் உயரம் உள்ள ட்ரெய்லரில் ஏற ஒன்றோ இரண்டோ படி இருக்கும், அதுவும் ஆடும் படி. டியர்டிராப்பில் படியே கிடையாது. கதவைத் திறந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கட்டில் விளிம்பில் உட்காருவது போல உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துப் போட்டால் படுக்கை வந்துவிடுகிறது. கார் இருக்கையில் ஏறி இறங்க முடிகிற பலருக்கு இதுவும் முடியும். படி ஏறுவதுதான் கஷ்டம், உட்காருவது கஷ்டமில்லை என்பவருக்கு, பார்க்கக் குட்டையாக இருக்கும் இந்த வண்டி பெரிய வண்டியை விடச் சௌகரியம்.

ஆனால் உட்காரும் உயரம் சரியாக இருக்க வேண்டும். வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதோ, அதன் உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளில் கழிப்பறை இருக்கைக்கு 17 முதல் 19 அங்குலம் என்று வைத்திருக்கிறார்கள், அது சராசரி. மடங்காத முழங்காலும் மாற்று இடுப்பும் சேர்ந்தால் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது. உட்கார்ந்த பின் இடுப்பு முழங்காலை விட மேலே இருக்க வேண்டும். கீழே போனால் எழும்போது மூட்டுதான் விலை கொடுக்கும். சாதாரணச் சக்கரம் போட்ட டியர்டிராப்பில் மெத்தையின் மேல்மட்டம் பெரும்பாலும் 22 முதல் 26 அங்குலத்துக்குள் வரும். கரடுமுரடான பாதைக்கென்று பெரிய டயர் போட்டு உயர்த்திய வண்டியில் 30-ஐத் தாண்டிவிடும். அதில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. இறங்கும்போது சறுக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வண்டி உயரமாக இருந்தால் கீழே அகலமான மேடை ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், ஒற்றைப் படி ஸ்டூல் மட்டும் கூடாது. தாழ்வாக இருந்தால் மெத்தையைத் தடிமனாக்கலாம், ஆனால் அந்த அளவு தலைக்கு மேல் இடம் குறையும். உட்கார்ந்த நிலையில் ஆளின் உயரம் 34 முதல் 37 அங்குலம் இருக்கும். மெத்தைக்கு மேல் 40 அங்குலமாவது இல்லாவிட்டால் உள்ளே கழுத்தை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூரை வளைவு என்பதால் கதவுக்கு நேராக இருக்கும் உயரம் காலடியில் இருக்காது. அளக்கும்போது தலை வரும் இடத்தில் அளக்கவும்.

விளம்பரப் படத்தில் தெரியாத இன்னொன்று கதவின் கீழ்ச்சட்டம். மெத்தைக்கும் வெளி விளிம்புக்கும் நடுவில் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். சில வண்டிகளில் அது மெத்தையை விட ஓர் அங்குலம் தூக்கலாக நிற்கும். உட்கார்ந்து பின்னால் நகரும்போது தொடையின் அடிப்பக்கத்தில் கத்தி மாதிரி அழுத்தும். என் வண்டியில் குழாய்க்கு உறையாகப் போடும் நுரைக் குழலை நீளவாக்கில் கிழித்து அந்தப் பட்டை மேல் மாட்டி வைத்திருக்கிறேன். இரவில் எடுத்து மாட்டுவது, காலையில் கழற்றுவது. நான் இந்த வண்டியில் செய்த மாற்றங்களிலேயே மலிவானது, அதிகம் உதவுவதும் அதுதான்.

இப்போது அகலம். 4 அடி, 8 அடி என்ற கணக்கு மனித உடம்பை அளந்து வந்ததல்ல. 1930களில் அமெரிக்காவில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பட்டறைகளில் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்த வண்டி இது. பிளைவுட் பலகை 4-க்கு 8 அடியில் வருகிறது. ஒரு முழுப் பலகையைத் தரையாகப் போட்டால் வெட்டாமல் வேலை முடிந்தது. மடங்கும் கால் உள்ளவருக்கு அது போதும். நமக்கு? கால் நீட்டி உட்கார்ந்தால் முதுகின் பின்புறத்திலிருந்து குதிகால் வரை 40 அங்குலத்துக்கு மேல் வரும். 4 அடி வண்டியின் உள் அகலம் 46 அங்குலம்தான். வெளியே நீட்டியிருக்கும் காலை உள்ளே கொண்டுவர, குதிகால் கதவுச் சட்டத்தைத் தாண்டும் வரை பின்னால் நகர வேண்டும். அதாவது முதுகு எதிர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். தாளில் நான்கைந்து அங்குலம் மிச்சம் என்று வரும். ஆனால் நீட்டிய காலோடு முதுகை நிமிர்த்திச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து பாருங்கள், தொடையின் பின்தசை உயிரை எடுக்கும். சாய இடம் வேண்டும். 5 அடி வண்டியில் அந்த ஓர் அடி சாய்வதற்குக் கிடைக்கிறது. உங்கள் வலது முழங்கால் பாதியாவது மடங்கும் என்கிறீர்கள். அப்படியானால் என் அளவுக்குச் சிரமம் இருக்காது, இருந்தாலும் இடுப்பில் மாற்று மூட்டு இருப்பதால் குறுக்கி நெருக்கி உட்காருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடுப்பு மூட்டு எவ்வளவு மடங்கலாம், எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று உங்கள் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னது எதுவோ, அதுதான் கடைசி வார்த்தை.

கதவுப் பக்கம் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டியர்டிராப்பில் பெரும்பாலும் தலை வண்டியின் முன்பக்கம், கால் பின்பக்கம், சமையல் அலமாரிக்கு அடியில். எழுந்து உட்கார்ந்தால் நீங்கள் வண்டியின் பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். எனவே வண்டியின் வலப்பக்கக் கதவு இப்போது உங்கள் இடக்கைப் பக்கம். அதில் இறங்கினால் இடது கால் முதலில் வெளியே போகும், வலது கால் பின்னால் வரும். இடப்பக்கக் கதவில் இறங்கினால் வலது கால் முதலில். மடங்காத கால் முதலில் போனால் நீட்டிய வாக்கிலேயே வெளியே போய்த் தரையைத் தொட்டுவிடும். அது பின்தங்கினால் உள்ளே மாட்டிக்கொள்ளும், கையால் தூக்கி இழுக்க வேண்டும். என் முதல் வண்டிக்கு இடப்பக்கம் மட்டும் கதவு. எனக்கோ இடது முழங்கால். ஒவ்வொரு இரவும் அந்தக் காலை மூட்டை தூக்குவது போலத் தூக்கி வெளியே போட்டேன். உங்களுக்கு மடங்காதது வலது கால், அந்த வார்னிஷ் வண்டியின் ஒரே கதவு வலப்பக்கம். புரிகிறதல்லவா? நான் செய்த அதே தவறு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

இரண்டு கதவு இருந்தால் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்கு எது இதம், முழங்காலுக்கு எது இதம் என்பது வேறு வேறாகவும் இருக்கலாம். அப்புறம் தீ, புகை என்று ஏதாவது வந்தால் தப்பிக்க இன்னொரு வழி. வேகமாக நகர முடியாதவருக்கு ஒற்றைக் கதவுள்ள பெட்டியில் தூங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

வண்டியைப் பார்க்கப் போகும் அன்று, விற்பவர் என்ன சொன்னாலும் சரி, கதவை மூடிக்கொண்டு உள்ளே இருபது நிமிடம் படுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுந்து, கைப்பிடி தேடி, கதவைத் திறந்து, இறங்கி, நின்று, திரும்ப ஏறுங்கள். மூன்று தடவை. முதல் தடவை யாருக்கும் முடியும், மூன்றாவது தடவைதான் உண்மையைச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு உடம்பு விறைத்துப்போய் எழும்போது மூன்றாவது தடவையை விடவும் மோசமாக இருக்கும். கை தானாக எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் கைப்பிடி வர வேண்டும். ஆனால் சுவர்ப் பலகை பல வண்டிகளில் முக்கால் அங்குலம்கூட இருக்காது, சிலவற்றில் மெல்லிய இரண்டு பலகைக்கு நடுவே நுரைதான். அதில் வெறும் திருகாணி போட்டுக் கைப்பிடி மாட்டினால் ஆள் எடையில் ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். கதவு நிலையின் சட்டத்தில், மறுபக்கம் உலோகத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம்தான், எனவே இதை விலை பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கழிப்பறை இல்லை என்பது தெரிந்ததே. கூச்சப்படாமல் சொல்கிறேன்: இரவில் சிறுநீருக்காக வெளியே இறங்குவதைப் பாதியாவது குறைத்தால்தான் இந்த வாழ்க்கை நீடிக்கும். மூடியுள்ள சிறுநீர்ப் பாத்திரம் ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனி வடிவில் வருகிறது. மருத்துவமனைப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். உட்கார்ந்த நிலையில் பயன்படுத்த 5 அடி அகலமும் தலைக்கு மேல் இடமும் இங்கேயும் உதவும். தங்குமிடம் பதிவு செய்யும்போது சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறை எத்தனை மீட்டரில் என்று கேட்டு, அதற்குப் பக்கத்து இடத்தைக் கேளுங்கள்.

வேலைப் பயணம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இது படுக்கையறை. அலுவலகம் என்று நினைத்து வாங்காதீர்கள். உள்ளே சம்மணம் போட்டு மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பது மூட்டு நன்றாக உள்ளவருக்கே அரை மணி நேரத்தில் கசந்துவிடும். நான் காரின் பயணி இருக்கையைப் பின்னால் தள்ளி, அங்கே உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறேன். நல்ல வானிலையில் கைப்பிடியுள்ள மடக்கு நாற்காலியும் சிறு மேசையும். உடை மாற்றுவதுதான் உண்மையான தொல்லை. படுத்துக்கொண்டு பேன்ட் போடப் பழகிக்கொள்ளலாம், ஆனால் கசங்கிய சட்டையோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்க முடியாது. சட்டையைக் காரில் தொங்கவிடுங்கள், பக்கவாட்டில் கட்டும் கூடாரம் ஒன்று வாங்கினால் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உடுத்தலாம். காலுறை மாட்டும் கருவி வீட்டில் ஒன்று இருந்தால் வண்டிக்கென்று இன்னொன்று.

பின்பக்கச் சமையல் மூடியைத் தூக்கித் திறந்து பாருங்கள். திறந்தால் ஆறு அடிக்கு மேல் போய்விடும். கைத்தடியை விட்டுவிட்டு எம்பிப் பிடித்து மூட வேண்டுமா? ஒரு நாடாவைக் கட்டித் தொங்கவிட்டால் தீர்ந்தது. மூடியைத் தாங்கும் காஸ் ஸ்ட்ரட் தளர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். தலையில் விழும்.

சரி, உடம்புக்கு வண்டி ஒத்துவந்துவிட்டது. இனிப் பழுது.

டியர்டிராப்பைக் கொல்வது தண்ணீர். மற்ற எல்லாப் பழுதும் செலவு, இது ஒன்றுதான் சாவு. மரச் சட்டமும் பிளைவுட் சுவரும் உள்ள வண்டியில் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் சமையல் மூடியின் கீல் ஓரம், கூரை விசிறி பொருத்திய சதுரம், விளக்குக் கம்பி போகும் துளைகள், பக்கச் சுவரின் அடி விளிம்பு வழியாக. மெத்தையைத் தூக்கச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்துங்கள், நல்ல பிளைவுட் விரலை எதிர்க்கும், உளுத்தது ரொட்டி மாதிரி உள்வாங்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்து ஓர் இடத்தில் மந்தமாகும். இரண்டு ஊசி உள்ள ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி எடுத்துப் போங்கள். 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் பூஞ்சை மரத்தைத் தின்னத் தொடங்கும் எல்லை. நடுவில் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கதவுகளைப் பத்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். வாசனைத் திரவம் அடித்து வைத்திருந்தாலும் அடியில் புழுக்க வாடை தெரியும். பழைய வண்டியில் ஓர் இடத்தில் மட்டும் ஒழுகலை அடைக்கும் சீலன்ட் புத்தம்புதிதாகப் பூசியிருந்தால், அங்கே ஒழுகியதா என்று நேராகவே கேளுங்கள். ஒழுகி, சரியாகப் பார்த்த இடம் என்றால் தப்பில்லை. பூசி மறைத்த இடம் என்றால் மீட்டர் சொல்லிவிடும்.

மெத்தைக்கு அடியில் பூஞ்சைப் புள்ளி இருந்தால் மழை என்றுதான் முடிவு கட்ட வேண்டாம். தூங்கும் ஆள் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணீராவது விடுகிறார், இவ்வளவு சின்னப் பெட்டியில் அது குளிர்ந்த தரைப் பலகையில்தான் போய்ப் படியும். புள்ளி இருந்தும் பலகை கெட்டியாக இருந்தால் துடைத்து, மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும் வலைப்பாய் போட்டால் போதும்.

அடிப்பாகத்தைப் பார்க்க நம்மால் தரையில் படுக்க முடியாது. செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு அடியில் மெல்ல நகர்த்துங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நான் இரண்டாவது வண்டி வாங்கும்போது இப்படித்தான், காரோடு மாட்டும் இழுகம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் வெல்டிங்கில் ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்தேன். நல்ல முழங்காலோடு குனிந்து பார்த்த விற்பவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. மேலோட்டமான துரு சாதாரணம். ஸ்குரூ டிரைவரால் தட்டினால் செதிலாக உதிரும் துரு வேறு விஷயம்.

டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஆராய வேண்டாம். பக்கச் சுவரில் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வயதாகிச் சாகிறது. ஐந்தாறு வருஷம் ஆனால் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுவதே வழக்கம். நீங்கள் சொல்லும் வண்டிக்கு இரண்டு டயரும் மாற்றுவது உறுதி என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். மூன்று வருஷம் நின்ற வண்டியின் பேரிங்கில் பழைய கிரீஸ் காய்ந்திருக்கலாம், ஈரம் புகுந்திருக்கலாம். வாங்கிய கையோடு கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் போட வேண்டும். ஓட்டிப் பார்க்க விட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, சக்கரத்தின் நடுக் குமிழைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அல்லது பிரேக்.

அச்சு இரண்டு வகை. பட்டை ஸ்பிரிங் உள்ளது பழையபாணி, சத்தம் போடும், ஆனால் எந்த மெக்கானிக்கும் பட்டையை மாற்றிவிடுவார். மற்றது குழலுக்குள் ரப்பர் வைத்த டார்ஷன் அச்சு. மென்மையாக ஓடும். ரப்பர் செத்துப்போனால் வண்டி உட்கார்ந்துவிடும், பழுதுபார்க்க வழியில்லை, அச்சையே மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எடையை விற்பவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். அதுவும் வீட்டுத் தயாரிப்பு என்றால் அவருக்கே தெரியாது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, அதற்கு மேல் உங்கள் சாமான், தண்ணீர், மடக்கு சக்கர நாற்காலி இருந்தால் அது என்று கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இழுகம்பி முனையில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பிய வண்டிகளில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 700 கிலோ வண்டிக்கு அது 70 முதல் 105 கிலோ. இது இழுக்கும் காரின் பின்பக்கம் ஏறும் சுமை, காரின் சுமைக் கணக்கிலும் சேரும். இழுகம்பியில் எடை குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும்.

இந்த எழுபது நூறு கிலோவைக் கையால் தூக்கி மாட்டலாம் என்று இளைஞர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "கையாலேயே தள்ளிவிடலாம்" என்பது விளம்பரத்தில் தவறாமல் வரும் வரி. அது நமக்கான வரி இல்லை. இழுகம்பியைத் தூக்கி இறக்கும் முன் ஜாக்கி மின்சாரத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும், அல்லது அப்படி ஒன்றை மாட்ட இடம் இருக்க வேண்டும். இழுகம்பி முக்கோணமாக இரண்டு கம்பியாக வந்தால் மின் ஜாக்கி நேராக உட்காரும். ஒற்றைக் கம்பி என்றால் தகடு வெல்டிங் செய்ய வேண்டி வரலாம். பாதுகாப்புச் சங்கிலியைக் கீழே குனிந்து எடுப்பது தினசரி வதை. நுனியை வளைத்த ஒரு மீட்டர் கம்பியால் தூக்கிக்கொள்கிறேன். சக்கரக் கட்டையில் கயிறு கட்டி வைத்தால் காலால் தள்ளிப் போடலாம், கயிற்றால் இழுத்து எடுக்கலாம். நான்கு மூலையிலும் உள்ள நிலைக்கால்களை நீளமான கம்பி மாட்டிய டிரில்லால் நின்றபடி இறக்கலாம். அவற்றைப் போடாமல் உட்காராதீர்கள், விளிம்பில் உட்கார்ந்ததும் வண்டி சாய்கிற அந்த ஓர் அங்குலம் சமநிலை குறைந்தவரைத் தடுமாற வைக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் விட எளிய வழி, ஓர் இரவுத் தங்கலுக்குக் காரிலிருந்து கழற்றாமலே விடுவது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடமாகக் கேட்டு வாங்கினால் பின்னால் எடுக்கும் வேலையும் இல்லை. இவ்வளவு குட்டை வண்டி ரிவர்ஸில் சட்டென்று மடங்கிக்கொள்ளும். கழுத்தைத் திருப்ப முடியாதவர் ட்ரெய்லரின் பின்புறம் ஒரு கேமரா மாட்டுவது அவசியம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மூளை குழம்பாது.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. தூக்கத்தில் மூச்சுக்கு சிபேப் கருவி வைப்பவர் என்றால் அதன் கணக்கை முதலில் போடுங்கள். ஈரப்பதச் சூடேற்றி இல்லாமல் 30 முதல் 40 வாட் என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 240 முதல் 320 வாட்-மணி. சூடேற்றி போட்டால் இரண்டு மடங்கும் ஆகலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கிட்டத்தட்ட 1200 வாட்-மணி, ஆனால் ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் தொட வேண்டும். மூன்று வருஷம் சார்ஜ் இல்லாமல் நின்ற ஈய அமிலப் பேட்டரி செத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு அடுப்பு இருந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, முதுகுப்பக்கம் அச்சிட்டிருக்கும். பழைய வண்டியில் அது தாண்டியிருக்கும். புதிதாக மாட்டாமல் ஓர் இரவுகூடத் தூங்க வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, சட்டகத்தில் பொறித்த எண்ணும் பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, ஆவணம் விற்பவர் பெயரில்தானா, கடன் ஏதும் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். வீட்டுத் தயாரிப்புக்குப் பதிவே இல்லாமல் இருப்பதும் உண்டு.

யாருக்கு வேண்டாம் என்பேன்? எழ, உட்கார இன்னொருவர் கை கொடுக்க வேண்டியவருக்கு. உள்ளே உதவியாள் நிற்க இடமே கிடையாது, வெளியிலிருந்து குனிந்து தூக்கினால் அவர் முதுகும் போய்விடும். சக்கர நாற்காலியிலிருந்து தானாகவே கட்டிலுக்கு மாறிக்கொள்பவருக்கு, உயரம் பொருந்தினால், முடியும். படி ஏறத் தெம்பு இருந்து, குனிவதும் படுத்து எழுவதும்தான் பிரச்சினை என்றால் 13 அடி ஃபைபர் கிளாஸ் ட்ரெய்லர்களைப் பாருங்கள். கனடாவில் 1968-இல் வந்த போலர் தொடங்கி அந்த வடிவம் இருக்கிறது. அச்சில் வார்த்த இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்வதால் ஒழுக இணைப்புகள் குறைவு, உள்ளே நிற்கலாம். எடை கூடும், காரும் அதற்கேற்ப வேண்டும்.

அந்த 5 அடி வண்டியைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: அளவு நாடா, ஈரப்பத மீட்டர், டார்ச், செல்ஃபி குச்சி, உங்கள் நாற்காலி உயரம் எழுதிய தாள், கைத்தடி. மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. இடப்பக்கக் கதவில் மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு மெத்தை உயரமும் மீட்டர் காட்டிய எண்களும் எழுதுங்கள், விலை பற்றி அப்புறம் பேசலாம்.